சிறப்பு முகாமில் நோயை முடிவு செய்வது யார்? டாக்டரா, தாசில்தாரா?

(நீண்ட பதிவு. பாதியில விட்டுடாம கடைசி வரை படிங்க.)

1.
ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன்.

உங்க வீட்ல ஒருத்தருக்கு ராத்திரி 2 மணிக்கு நெஞ்சு வலி வந்தா என்ன செய்வீங்க? கீழ்பென்னாத்தூரா இருந்தா 108க்கு போன் போடுவீங்க. வண்டி வர லேட்டானா பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பி, அவர் கார்ல செஞ்சி ரோடு பிடிச்சு திருவண்ணாமலை மெடிக்கல் காலேஜுக்குப் போய்ச் சேருவீங்க. யார்கிட்டயும் அனுமதி கேக்க மாட்டீங்க.

அனுமதி கேட்டு, காவலுக்கு ஆள் கிடைத்து, அதன் பிறகு வாசல் திறந்தால்தான் ஆஸ்பத்திரிக்குப் போக முடியும் என்றொரு இடம் இருந்தால்? அங்கே இருப்பவர்கள் தண்டனைக் கைதிகளும் இல்லை என்றால்?

அப்படி ஒரு இடம் நம்ம தமிழ்நாட்டிலேயே இருக்கு. பேர் சிறப்பு முகாம்.

2.
முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நிறைய பேர் அகதி முகாமையும் சிறப்பு முகாமையும் ஒன்றென்று நினைக்கிறார்கள்.

1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் குடும்பமாக வாழும் முகாம்கள் வேறு. 2021இல் தமிழக அரசு அவற்றுக்கு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது. நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் சுமார் 58,000 பேர் இருப்பதாக அப்போது அரசு சொன்னது. முகாமுக்கு வெளியே பதிவு செய்துகொண்டு வாழ்பவர்கள் சுமார் 34,000 பேர். நம்ம திருவண்ணாமலை மாவட்டத்திலும் இந்த முகாம்கள் உண்டு. உங்க வீட்டுக்கு பெயின்ட் அடிச்சவங்கள்ல ஒருத்தராவது அங்கிருந்து வந்திருப்பார்.

சிறப்பு முகாம் என்பது பூட்டி வைக்கும் இடம். 1990இல் வேலூர்க் கோட்டையில் தொடங்கியது. பிறகு செங்கல்பட்டு, பூந்தமல்லி. இப்போது திருச்சி மத்திய சிறை வளாகத்திற்குள். பொறுப்பு வருவாய்த்துறையிடம், காவல் போலீஸிடம்.

3.
உள்ளே யார்?

போலி பாஸ்போர்ட் வழக்கு, ஆவணம் இல்லாமல் தங்கியது, படகில் வேறு நாட்டுக்குப் போக முயன்றது என்று பல வகை. பெரும்பாலும் இலங்கைத் தமிழர்கள். வங்கதேசம், நைஜீரியா போன்ற நாட்டவரும் இருந்திருக்கிறார்கள்.

இதில் நீங்க கவனிக்க வேண்டியது இதுதான். வழக்கில் ஜாமீன் கிடைத்தவரும் அங்கே அடைக்கப்படுகிறார். தண்டனையை முழுதாக அனுபவித்து முடித்தவரும் அடைக்கப்படுகிறார். கோர்ட் ‘போகலாம்’ என்று சொன்ன பிறகு, ஒரு அரசாணை ‘இங்கேயே இரு’ என்று சொல்கிறது.

4.
இதற்கு ஆதாரமாக இருந்தது 1946ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டம். வெள்ளைக்காரன் போகிற அவசரத்தில் போட்டுவிட்டுப் போனது. ஒரு வெளிநாட்டவர் குறிப்பிட்ட இடத்தில்தான் வசிக்க வேண்டும் என்று உத்தரவிட அது அரசுக்கு அதிகாரம் தந்தது. அதனால் அரசுத் தரப்பு எப்போதும் சொல்வது: ‘இது சிறை இல்லை, வசிப்பிடம்.’

சுற்றிலும் சிறை மதில், வாசலில் துப்பாக்கி ஏந்திய போலீஸ். இதை வசிப்பிடம் என்று சொல்ல சட்டப் புத்தகத்தால் முடியலாம். உள்ளே இருப்பவரின் ரத்த அழுத்தத்தைப் பார்க்கும் டாக்டரால் முடியாது.

2025 செப்டம்பர் 1 முதல் அந்தப் பழைய சட்டம் போய், குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் 2025 வந்திருக்கிறது. 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறார்கள். நல்ல விஷயம், வரவேற்கிறேன். ஆனால் அடைத்து வைக்கும் அதிகாரம் அப்படியேதான் இருக்கிறது.

5.
இப்போ என் துறைக்கு வர்றேன். தேதி தெரியாமல் அடைபட்டுக் கிடந்தால் உடம்புக்கு என்ன ஆகும்?

ஜெயிலில் இருப்பவருக்கு ஒரு தேதி உண்டு. ஏழு வருஷம்னா ஏழு வருஷம். சுவரில் கோடு போட்டு எண்ணலாம். மனித மூளை பெரிய கஷ்டத்தையும் தாங்கும், அது எப்போ முடியும்னு தெரிஞ்சா.

சிறப்பு முகாமில் தேதி கிடையாது. நாளைக்கும் விடலாம், நாலு வருஷம் கழித்தும் விடலாம். இந்த நிலையில் உடம்பு எப்போதும் ஆபத்தை எதிர்பார்த்தபடியே இருக்கும். கார்டிசோல், அட்ரினலின் இறங்காது. முதலில் தூக்கம் போகும். தூக்கம் போனால் பிரஷர் ஏறும், சர்க்கரை ஏறும், பசி குறையும். போரையும் ஷெல்லடியையும் பார்த்து வந்தவர் என்றால் பழைய காட்சிகள் ராத்திரியில் திரும்ப வரும். பூட்டுச் சத்தமும் பூட்ஸ் சத்தமும் அதற்குப் போதும்.

ஆஸ்திரேலியத் தடுப்பு முகாம்களில் இருந்தவர்களை அங்குள்ள மனநல மருத்துவர்கள் வருடக்கணக்காக ஆராய்ந்திருக்கிறார்கள். அடைத்து வைக்கும் காலம் நீள நீள மனநோய் கூடுகிறது, வெளியே விட்ட பிறகும் சீக்கிரம் போவதில்லை. அவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது இதைத்தான்.

6.
திருச்சியில் உண்ணாவிரதங்கள் நடந்தன. 2021 ஆகஸ்டில் பலர் ஒரே நேரத்தில் உயிரை விட முயன்று மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். செய்தியில் ஒரு நாள் வந்தது, மறுநாள் போனது.

உண்ணாவிரதம் என்றால் டிவியில் பந்தலும் பழரசமும்தான் நமக்கு ஞாபகம் வரும். மருத்துவத்தில் அது வேறு. பல நாள் சாப்பிடாதவருக்குத் திடீரென்று நிறைய சாப்பாடு கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் சரசரவென்று இறங்கும். இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம். ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்று பேர். உண்ணாவிரதம் இருக்கும்போதும் முடிக்கும்போதும் டாக்டர் கூடவே இருக்கணும்.

சுயநினைவோடு மறுக்கிறவருக்கு வலுக்கட்டாயமாக உணவு செலுத்தக் கூடாது என்பது உலக மருத்துவச் சங்கத்தின் 1991 மால்டா பிரகடனம். அவர் ஏன் சாப்பிடலைன்னு கேட்பதும் சிகிச்சையில் ஒரு பகுதிதான். திருச்சியில் அவங்க கேட்டது ஒன்றுதான்: எங்களை விடுங்க, குடும்பத்தோட இருக்க விடுங்க.

7.
சாந்தன் விஷயத்துக்கு வருவோம். பேரைப் பார்த்ததும் சிலர் கமென்ட்டுக்கு ஓடுவீங்கன்னு தெரியும். கொஞ்சம் பொறுங்க.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டிக்கப்பட்டவர். தூக்குத் தண்டனை ஆயுளாகக் குறைக்கப்பட்டது. 2022 நவம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் மற்றவர்களோடு அவரையும் விடுதலை செய்தது. இலங்கையர்கள் என்பதால் சாந்தன், முருகன், ராபர்ட் பயஸ், ஜெயக்குமார் நால்வரையும் நேராகத் திருச்சி சிறப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். 30 வருஷத்துக்கு மேல் பார்க்காத அம்மாவிடம் போக வேண்டும் என்று சாந்தன் கேட்டுக்கொண்டே இருந்தார்.

2024 ஜனவரி கடைசியில் உடல்நிலை மோசமாகி, சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார். கல்லீரல் சுருக்க நோய், அதாவது சிரோசிஸ், முற்றியிருந்தது. நாட்டுக்குத் திரும்பும் அனுமதி பிப்ரவரி பிற்பகுதியில் வந்தது. அது வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பிப்ரவரி 28 காலை இறந்துபோனார். வயது 55.

விடுதலையான நாளிலிருந்து எண்ணிப் பார்த்தேன். 474 நாள்.

8.
டாக்டராக நேர்மையா ஒன்று சொல்லிடணும். முகாம்தான் அவருக்கு சிரோசிஸ் வர வைத்தது என்று நான் சொல்லவில்லை. அது பல வருஷமாக மெல்ல மெல்ல வரும் நோய். காரணமே கண்டுபிடிக்க முடியாத வகையும் உண்டு. அவருக்கு வந்தது அதுதான் என்று மருத்துவமனை சொன்னது.

ஆனால் சிரோசிஸ் எப்படிப் போகும் என்பது எங்களுக்குத் தெரியும். முதலில் கால் வீங்கும், வயிற்றில் நீர் கோக்கும், உடம்பு இளைக்கும், தூக்கம் இடம் மாறும், கடைசியில் நினைவு தடுமாறும். மாதாமாதம் பார்த்தால் முன்கூட்டியே பிடிக்கலாம். எண்டோஸ்கோப்பி, மருந்து, உப்புக் குறைந்த சாப்பாடு, தகுதி இருந்தால் கல்லீரல் மாற்று பற்றிப் பேசலாம். எதுவுமே பலிக்காது என்றாலும் ஒன்று மிச்சம் இருக்கிறது. ‘இன்னும் கொஞ்ச நாள்தான், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க’ என்று எந்த டாக்டரும் சொல்லும் அந்த வார்த்தை.

அந்த வார்த்தையைச் சொல்வதற்கு இங்கே டெல்லியிலும் கொழும்பிலும் கையெழுத்து வேண்டியிருந்தது. கையெழுத்துக்கு ஒரு வேகம், கல்லீரலுக்கு ஒரு வேகம். கல்லீரல் ஜெயித்தது. மற்ற மூவர் 2024 ஏப்ரலில் இலங்கை போய்ச் சேர்ந்தார்கள். சாந்தனின் உடல்தான் அம்மாவிடம் போனது.

9.
‘அது பெரிய கேஸ் டாக்டர், சாதாரண அகதிக்கு அப்படி நடக்காது’ என்பீர்கள். சாதாரண முகாமைப் பார்ப்போம்.

மறுவாழ்வு முகாமில் குறிப்பிட்ட நாளில் தணிக்கை நடக்கும். முகாம் பேச்சில் ‘செக்கிங்’. வருவாய்த்துறை ஆள் வந்து பேர் கூப்பிடும்போது ஆள் இருக்கணும். இல்லைன்னா பணக்கொடைக்கு ஆபத்து, பதிவுக்கே ஆபத்து.

2016 மார்ச், மதுரை திருமங்கலம் பக்கம் உச்சப்பட்டி முகாம். ஒரு தகப்பனின் மகன் உடம்பு சரியில்லாமல் செக்கிங்குக்கு வர முடியவில்லை. அதிகாரி அந்தக் காரணத்தை ஏற்கவில்லை, வாக்குவாதம் ஆனது என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். அந்தத் தகப்பன் எல்லார் கண் முன்னாலும் உயிரை விட்டார்.

நோயாளியாக இருப்பதே குற்றமாகிப் போகிற ஒரு ஏற்பாடு இது. என் ஓபியிலேயே ஒருவர், முகாமைச் சேர்ந்தவர், நிமோனியாவோடு வந்து ‘அட்மிஷன் வேணாம் டாக்டர், நாளைக்கு செக்கிங்’ என்று சொன்னதைக் கேட்டிருக்கிறேன். ஆக்சிஜன் 90. அவர் கவலை எல்லாம் ரிஜிஸ்டர் மேல.

10.
இது தமிழ்நாட்டு வியாதி மட்டும் இல்லை. பணக்கார நாடுகளும் இதே தப்பைத்தான் பெரிய செலவில் செய்கின்றன.

ஆஸ்திரேலியா, படகில் வந்தவர்களை நவ்ரு, மானுஸ் தீவுகளில் அடைத்தது. அவர்களில் நம்ம ஈழத் தமிழர்களும் உண்டு. 2014இல் மானுஸில் இருந்த ஹமீத் கஸாயி என்ற 24 வயது ஈரானிய இளைஞருக்குக் காலில் ஒரு புண். கிருமித்தொற்று பரவியது. அந்த ஊர்க் கிருமிக்கு வேண்டிய ஆன்டிபயாடிக் அந்த கிளினிக்கில் இல்லை. உடனே வெளியே அனுப்பணும்னு டாக்டர் எழுதினார். கோரிக்கை கான்பெர்ராவில் அதிகாரிகளின் மேசையில் காத்துக் கிடந்தது. அங்கிருந்து ‘ஏன் அங்கேயே பார்க்க முடியாதா?’ என்று கேள்வி வேறு. செப்சிஸ் ஆகி, இதயம் நின்று, கடைசியில் பிரிஸ்பேன் கொண்டுபோய் 2014 செப்டம்பரில் இறந்தார்.

மரண விசாரணை அதிகாரி 2018இல் சொன்ன முடிவு: இந்த மரணத்தைத் தடுத்திருக்க முடியும்.

காலில் புண்ணோடு வர்றவங்களை நான் தினம் பார்க்கிறேன். மல்லாட்டைக் காட்டுல முள் குத்தினவங்க, சர்க்கரைக்காரங்க. அனுப்பணும்னா ஒரு சீட்டு எழுதுறேன், போறாங்க. ஒரு உயிருக்கும் சாவுக்கும் நடுவுல அந்தச் சீட்டுதான். அதைக் கிளார்க் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு கஸாயி சாட்சி.

11.
அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லணும். முகாமுக்குள் பார்த்ததை வெளியே சொன்னால் இரண்டு வருடம் வரை சிறை என்று 2015இல் ஆஸ்திரேலியா சட்டம் போட்டது. டாக்டர்களும் நர்ஸுகளும் ‘போடு கேஸை’ என்று பேசினார்கள். 2016இல் மருத்துவப் பணியாளர்களுக்கு விலக்கு கொடுக்க வேண்டி வந்தது. 2019 பிப்ரவரியில், நோயாளியை மாற்றும் முடிவில் டாக்டர் சொல்லுக்கு எடை கொடுக்கும் மெடிவாக் சட்டம் பாராளுமன்றத்தில் நூலிழையில் ஜெயித்தது. அதே வருஷம் டிசம்பரில் ரத்து செய்துவிட்டார்கள்.

ஆனாலும் டாக்டர்கள் வாய் திறந்தால் சட்டம் அசையும் என்பதற்கு அது ஒரு அத்தாட்சி.

12.
இன்னும் பக்கத்தில் ஒன்று. 2021 அக்டோபரில் கனடாவுக்குப் போக முயன்ற 89 ஈழத் தமிழர்களின் படகு பழுதாகி, இந்துமாக்கடலில் பிரிட்டனின் ராணுவத்தளம் இருக்கும் டியகோ கார்சியாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். குழந்தைகளும் இருந்தார்கள். கூடாரம், எலி, வேலி, காவலர். உண்ணாவிரதம் நடந்தது, தற்கொலை முயற்சிகள் நடந்தன. சிலரைச் சிகிச்சைக்கென்று ருவாண்டாவுக்கு அனுப்பினார்கள்.

மூன்று வருஷம் கழித்து, 2024 டிசம்பரில் அந்தப் பிரதேசத்தின் நீதிமன்றம் அவர்கள் சட்டவிரோதமாக அடைத்து வைக்கப்பட்டார்கள் என்று தீர்ப்புச் சொன்னது. ‘முகாம்’ என்ற பெயர் அங்கே செல்லவில்லை. வெளியே போக முடியுமா, முடியாதா என்றுதான் நீதிபதி பார்த்தார். திருச்சிக்கும் அந்த அளவுகோல் பொருந்தும்.

13.
இனி உங்கள் கேள்விகள்.

‘குற்றம் செஞ்சவங்களுக்கு ஏன் பரிதாபம்?’
குற்றம் செய்தவருக்கு கோர்ட் இருக்கிறது, தண்டனை இருக்கிறது. கோர்ட் கொடுத்த தண்டனை முடிந்த பிறகு ஆபீஸ் கொடுக்கும் தண்டனைக்குப் பேர் என்ன? அதற்குத்தான் பதில் வேண்டும்.

‘நம்ம ஆஸ்பத்திரியிலேயே கூட்டம் தாங்கலை, இவங்களுக்கு வேறயா?’
சிறப்பு முகாமில் இருப்பவர்கள் சில நூறு பேர் என்ற அளவைத் தாண்டுவதில்லை. நம்ம பௌர்ணமி கூட்டத்தில் ஒரு தெருமுனைக்குக் காண மாட்டார்கள். அடைத்து வைத்து, காவல் போட்டு, சாப்பாடு போட்டு, நோய் முற்றிய பிறகு ஐசியுவில் வைப்பதுதான் செலவு அதிகம்.

‘இந்தியா என்ன சத்திரமா?’
2025 மே மாதம் ஒரு இலங்கைத் தமிழரின் மனுவை விசாரித்தபோது உச்ச நீதிமன்றத்திலேயே இந்தியா தர்மசத்திரம் அல்ல என்ற கருத்து சொல்லப்பட்டது. தண்டனை முடிந்தும் கிட்டத்தட்ட மூன்று வருஷமாக அடைபட்டிருக்கிறேன், திரும்பிப் போனால் உயிருக்கு ஆபத்து என்பது அவர் வாதம்.

நாட்டுக்குள் யாரை வைத்துக்கொள்வது என்பது அரசின் உரிமை. அதில் நான் சண்டைக்கு வரவில்லை. அனுப்புவதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் வரை அந்த மனிதனின் உடம்பு யார் பொறுப்பு? இதே உச்ச நீதிமன்றம் 1996இல் சக்மா அகதிகள் வழக்கில் சொன்னது: அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் உயிர்ப் பாதுகாப்பு குடிமகனுக்கு மட்டும் உரியதல்ல, இந்த மண்ணில் இருக்கும் எந்த மனிதருக்கும் உண்டு.

14.
இந்தியா 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தத்தில் இலங்கைக்கு இடமில்லை. இதெல்லாம் டெல்லி முடிவு செய்ய வேண்டியவை, நாளாகும். ஆனால் கீழே இருப்பவற்றுக்குப் பெரிய சட்டத் திருத்தம் வேண்டாம். மனசு இருந்தால் சென்னையிலேயே ஆரம்பிக்கலாம்.

அ) உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் 24 மணி நேரத்தில் முழு உடல், மனநலப் பரிசோதனை. பிறகு மாதம் ஒருமுறை. செய்பவர் முகாம் நிர்வாகத்துக்குக் கட்டுப்படாத சுகாதாரத்துறை டாக்டர்.

ஆ) அவசர ரெஃபரல் டாக்டர் கையெழுத்தோடு முடியணும். வண்டி முதலில் கிளம்பட்டும், கலெக்டர் ஆபீசுக்குத் தகவல் பின்னால் போகட்டும்.

இ) அடைத்து வைக்கும் ஒவ்வொரு ஆணையிலும் ஒரு தேதி. 90 நாளுக்கு ஒருமுறை ஒரு நீதிபதி முன் மறுஆய்வு.

ஈ) முற்றிய நோயாளி, மனநோய் உள்ளவர், முதியவர், கர்ப்பிணி, குழந்தை - இவர்களுக்குப் பூட்டு வேண்டாம். உறவினர் வீட்டில் இருக்கட்டும், வாரம் ஒருமுறை கையெழுத்துப் போடட்டும்.

உ) நாடு திரும்பணும்னு தானே கேட்பவருக்குக் காகிதம் எத்தனை நாளில் என்று ஒரு கெடு. திரும்பினால் ஆபத்து என்பவரைத் தள்ளிவிடக் கூடாது.

ஊ) முகாமில் மரணம் நடந்தால் போலீஸ் காவல் மரணத்துக்கு நடப்பது போலவே நீதித்துறை நடுவர் விசாரணை.

15.
சக மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை.

தண்டனைக் கைதிக்கே வெளியில் இருப்பவருக்குக் கிடைக்கும் அதே தரத்தில் சிகிச்சை வேண்டும் என்கின்றன ஐ.நா.வின் மண்டேலா விதிகள். கைதியே இல்லாதவருக்கு அதைவிடக் குறைவாகக் கொடுக்க முடியுமா?

காவலோடு கொண்டுவரப்படும் நோயாளியைப் பார்க்கும்போது மூணு விஷயம் செய்யுங்க. காவலரை அறைக்கு வெளியே நிற்கச் சொல்லிக் கேளுங்கள், தனியே பேசுங்கள். தூக்கம் எப்படி, சாகணும்னு தோணுதா என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் எண்ணம் தூண்டப்படும் என்பது மூடநம்பிக்கை, கேட்டால்தான் மனசு திறக்கும். மூன்றாவது, நீங்க நினைப்பதை கேஸ் ஷீட்டில் முழுசா எழுதுங்கள். ‘அடைத்து வைப்பது இந்த நோயாளியின் உடல்நிலையை மோசமாக்கும்’ என்று தோன்றினால் அதையும். நாளைக்கு ஒரு நீதிபதி கையில் அந்தத் தாள் போகும்.

16.
முகாமில் இருந்து இதைப் படிக்கிறவங்களுக்கு: மறுவாழ்வு முகாமில் பதிவு செய்த குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. கார்டு எடுக்கலைன்னா எடுத்துடுங்க. செக்கிங் நாளில் ஆஸ்பத்திரியில் இருந்தால் டாக்டரிடம் அட்மிஷன் சான்று கேட்டு வாங்குங்க, நாங்க தர்றது கடமை, தயங்க வேண்டாம். மனசு தாங்கலைன்னா 104, இல்லன்னா டெலிமானஸ் 14416. ராத்திரியிலும் எடுப்பாங்க, தமிழில் பேசலாம்.

மற்றவர்களுக்கு: அடுத்த முறை உங்க எம்எல்ஏ, எம்பி ஊருக்கு வரும்போது ரோடு, தண்ணியோடு சேர்த்து ஒரு கேள்வி கேளுங்க. திருச்சி சிறப்பு முகாமில் இன்று எத்தனை பேர், அவர்களில் கோர்ட் விடுதலையோ ஜாமீனோ கொடுத்தவர் எத்தனை பேர், கடைசியா டாக்டர் போனது எந்தத் தேதி?

கிரிவலப் பாதையில் அன்னதானத் தட்டை நீட்டும்போது யாரும் யாரிடமும் பாஸ்போர்ட் கேட்பதில்லை. பசிச்சவன் என்பது போதும். நோய்க்கும் அது போதும் என்பதுதான் நான் படித்த படிப்பு.

மாற்றுக் கருத்து இருந்தால் கமென்ட்டில் சொல்லுங்க. மரியாதையாப் பேசுற எல்லாருக்கும் பதில் சொல்றேன்.

- பொது மருத்துவர்,
கீழ்பென்னாத்தூர்